மூணரை மாச அல்சேஷன் குட்டி, எடையே ஏற மாட்டேங்குது, வயிறு மட்டும் உப்புது

ஏலக்காட்டுப் பய:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு கூடலூர், நீலகிரி கூடலூர் இல்ல, கம்பத்துக்கும் லோயர் கேம்புக்கும் நடுவுல இருக்கே அந்தக் கூடலூர். வேலை மேல வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல, வாரம் ஒருக்கா தான் வீட்டுக்கு இறங்குறது. அல்சேஷன் ஆண்குட்டி ஒண்ணு 40 நாள்லயே வாங்கிட்டேன், தோட்டத்துல என்கூடத்தான் இருக்கான், இப்ப மூணரை மாசம் ஆகுது. காய் நிறுக்கிற தராசுல அவன தூக்கிக்கிட்டு ஏறி நின்னு என் எடைய கழிச்சுப் பாத்தா 7.8 கிலோ தான் வருது. கூடப்பொறந்த குட்டி கம்பத்துல ஒருத்தர் வீட்ல இருக்கு, அது 13 கிலோங்கிறாங்க, அதக் கேட்டதுலருந்து எனக்கு தூக்கமே இல்ல.

காலைல பாலும் பிஸ்கட்டும், மத்தியானம் தயிர்சோறு, ராத்திரி சோத்துல கோழிக்கறி தண்ணி ஊத்தி ரெண்டு துண்டு கறி. நல்லா தின்றான், தின்னதும் வயிறு பந்து மாதிரி உப்பிக்குது, ஆனா விலா எலும்பு ஒண்ணொண்ணா எண்ணலாம். வெளிக்கி பாதி நாளு கூழு மாதிரி தான் போறான். வாங்கும்போது பூச்சி மருந்து குடுத்தாச்சுன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் நான் குடுக்கல. காது இன்னும் நிக்கலன்னு கடையில ஒரு கால்சியம் சிரப் குடுத்தாங்க, தெனம் ரெண்டு வேளை ஊத்துறேன். லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) இருக்கவங்க தெனம் ஆறு முட்டை போடு, மாட்டுக்கொழுப்பு போடுங்கறாங்க. வேகமா எடை ஏத்த என்ன குடுக்கலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, குட்டிய பாக்கவே பாவமா இருக்கு.

செவலக்கோம்பை:
தம்பி, நான் கோம்பைக்காரன், எங்க வீட்ல மூணு தலைமுறையா கோம்பை நாய் தான். கேப்பக்கூழு, மோரு, வாரம் ஒருநாள் கறி, அதுலயே வளந்துரும். உங்க குட்டிக்கு தீனி பத்தலன்னு தான் எனக்குத் தோணுது. மூணு வேளைய அஞ்சாக்குங்க, கப்பக்கிழங்கு வேக வச்சு ஆட்டு ஈரலோட பெசஞ்சு போடுங்க, மேல குளிருக்கு உடம்பு சூடு கேக்கும். ஆனா கப்பைய பச்சையா மட்டும் போட்றாதீங்க, அது விஷம்.

குமுளி அக்கா:
தம்பி, அண்ணன் நல்ல மனசோட சொல்றாரு, ஆனா தீனிய ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நாளைக்கு காலைல அவன் போற வெளிக்கிய ஒரு சின்ன டப்பால எடுத்துக்கிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்க, மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லுங்க. நல்லா தின்னும் விலா தெரியுது, வயிறு உப்புது, கூழா போகுது, இத கேட்ட ஒடனே எனக்கு பூச்சி தான் ஞாபகம் வருது. வாங்கும்போது ஒருக்கா குடுத்தது எதுக்குமே காணாது, குட்டிக்கு ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்புறம் ஆறு மாசம் வரை மாசம் ஒருக்கா குடுக்கணும்.

அவன் உதட்ட தூக்கி ஈறு என்ன நெறம்னு பாருங்க. நல்ல ரோஸா இல்லாம வெளுத்துப் போயிருந்தா கொக்கிப்புழு ரத்தத்த உறிஞ்சுதோன்னு சந்தேகப்படணும், லேட் பண்ணவே கூடாது. ஏலத்தோட்டம் மாதிரி நிழலும் ஈரமும் இருக்க மண்ணுல அந்தப் புழு ரொம்ப நாள் உயிரோட கெடக்கும், குட்டியோட பாதத்து வழியாவே உள்ள போயிரும், தாய்ப்பால் வழியாவும் வரும். மனுசனுக்கும் தோலுல ஏறும், அதனால லயத்துப் பிள்ளைகள செருப்பு இல்லாம அந்தப் பக்கம் விடாதீங்க, அவன் வெளிக்கிய அன்னன்னைக்கே அள்ளிருங்க. காதுக்குள்ளயும் விரல் இடுக்குலயும் உண்ணி இருக்கான்னு பாருங்க, இருந்தா ரத்தமும் டெஸ்ட் எடுக்கணும், உண்ணிக்காய்ச்சல்ல எங்க பக்கத்து வீட்டு லேப்ரடார் இதே மாதிரி தான் இளைச்சுக்கிட்டே போச்சு.

இப்ப அந்த சிரப்பு. இத நான் அனுபவிச்சவ, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஏழெட்டு வருசம் முன்னாடி நான் ஒரு கிரேட் டேன் வளத்தேன், ரெண்டு மாசத்துல ஒல்லியா இருந்துச்சுன்னு பாக்கெட் தீனிக்கு மேல கால்சியம், அதுக்கு மேல உடம்பு ஏத்துற பவுடரு, பீஃப், முட்டை, ஒருத்தர் சொன்னது விடாம எல்லாம் போட்டேன். நல்லா ஏறுச்சு, பாக்குறவங்க எல்லாம் சிங்கம் மாதிரி இருக்குன்னாங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு. அஞ்சாவது மாசம் முன்னங்கால் வளைய ஆரம்பிச்சது, எந்திரிக்கும்போது முனகும், படியில கால் வைக்காது, மணிக்கட்டு வீங்கிப்போச்சு. டாக்டர் சொன்னாரு, இவ்வளவு பெரிய சாதி நாய்க்குட்டி வேகமா எடை ஏறுனா எலும்பு அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது, அதோட ஆறு மாசத்துக்குக் கீழ இருக்க குட்டிக்கு கூடுதலா வர்ற கால்சியத்த வேண்டாம்னு தள்ளத் தெரியாது, குடுக்குற அளவுக்கு உடம்புக்குள்ள ஏத்திக்கும்னு. அது கடைசி வரைக்கும் நொண்டிக்கிட்டுத் தான் இருந்துச்சு. இன்னைக்கும் அத நெனைச்சா எனக்கு தொண்டை அடைக்கும் தம்பி. தயவுசெஞ்சு டாக்டர் சொல்லாம அந்த சிரப்ப ஊத்தாதீங்க. காது நிக்கிறதுக்கும் சிரப்புக்கும் சம்பந்தமே இல்ல, பல்லு முளைக்கிற சமயத்துல நின்ன காது கூட சாயும், ஆறேழு மாசம் வரை டைம் இருக்கு.

வெட்டினரி மூணாம் வருசம்:
அக்கா சொன்ன வரிசை தான் சரி, முதல்ல ஏன் ஏறலன்னு கண்டுபிடிக்கணும், அப்புறம் தான் தீனி. கூழா போற குட்டிக்கு இன்னும் தீனி ஏத்துனா இன்னும் கூழா தான் போகும், உள்ள போறது ஒட்டாது. கடையில குடுக்குற சாதா பூச்சி மாத்திரைக்கு காக்சிடியாங்கிற கண்ணுக்குத் தெரியாத குடல் கிருமி சாகாது, அதுக்கு மருந்தே வேற, அதனால தான் டெஸ்ட் எடுக்கணும்ங்கறது. எல்லாம் சரியாகியும் எடை ஏறலன்னா டாக்டர்ட்ட கணையத்தப் பத்தி கேளுங்க, அல்சேஷனுக்கு செரிமான என்சைம் சுரக்காத நோய் மத்த நாய்கள விட அதிகம், பசி அடங்கவே அடங்காது, மஞ்சளா எண்ணெய்ப்பசையா வெளிக்கி போகும். ஆனா இந்த வயசுல முதல் சந்தேகம் பூச்சி மேல தான்.

அளவு கேட்டா: 8 கிலோ குட்டிக்கு சும்மா கெடந்தாலே ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 330 கலோரி வேணும், நாலு மாசத்துக்குக் கீழ வளர்ற குட்டிக்கு அதுல மூணு மடங்கு, அதாவது 1000 பக்கம். நாலு மாசம் தாண்டுனா ரெண்டு மடங்கு. பாக்கெட் தீனி 100 கிராம்ல 370 கலோரின்னு போட்டிருந்தா 270 கிராம், அத நாலு வேளையா பிரிச்சுப் போடுங்க. பெரிய சாதி குட்டிக்குன்னு தனியா போட்டிருக்கத வாங்குங்க, கொஞ்சம் விலை கூட, ஆனா கால்சியம் அளவா இருக்கும். பழைய சாப்பாட்டோட கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மெதுவா மாத்துங்க. பால் வேண்டாம், நெறைய குட்டிக்கு அது ஒத்துக்காம வயிறு போகும், தயிர் ரெண்டு ஸ்பூன் பரவால்ல. தெனம் ஒரு வெந்த முட்டை போதும், ஈரல் வாரம் ஒண்ணு ரெண்டு துண்டுக்கு மேல வேண்டாம் அண்ணே, வைட்டமின் ஏ கூடிரும்.

இன்னொரு விசயம், சிரப் வேண்டாம்னா வெறும் சோறும் கறியும் போட்டு வளக்கலாம்னு நெனைச்சுராதீங்க. எலும்பு இல்லாத கறில பாஸ்பரஸ் தான் ஜாஸ்தி, கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அப்பவும் எலும்பு கெட்டுரும். வீட்டு சாப்பாடு தான்னா டாக்டர்கிட்ட அளவு எழுதி வாங்கிக்கங்க.

13 கிலோ குட்டியோட ஒப்பிட்டு கவலைப்படாதீங்க, கைய வச்சு தெரிஞ்சுக்கலாம். முஷ்டி மடக்குனா விரல் முட்டி எப்படி இருக்கு, அது மாதிரி விலா தட்டுனா ரொம்ப ஒல்லி. கைய விரிச்சு புறங்கைய தடவுனா எலும்பு லேசா தெரியுதுல்ல, அது தான் சரியான உடம்பு. உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா குண்டு. 48 லேப்ரடார் குட்டிகள வச்சு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2002ல வெளியிட்டாங்க, 25 சதவீதம் கம்மியா தின்னு ஒல்லியா வளந்ததுக கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூடுதலா வாழ்ந்துச்சு, மூட்டு வலியும் லேட்டா தான் வந்துச்சு.

செவலக்கோம்பை:
ஈரல் விசயம் எனக்குத் தெரியாது தம்பி, நான் வாரத்துல நாலு நாள் போட்டுக்கிட்டு இருந்தேன், இனி குறைச்சுக்கிறேன். நல்லதாப் போச்சு.

ஏலக்காட்டுப் பய:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட மூணு வாரம் ஆயிருச்சு, மேல சிக்னல் சரியா கெடைக்காது. அக்கா சொன்ன மறுநாளே ஜீப்புல கீழ கொண்டு போனேன். கொக்கிப்புழு நெறைய, காக்சிடியாவும் இருக்குன்னாங்க. ஈறு வெள்ளை பேப்பர் மாதிரி இருந்துச்சு அக்கா, இத்தன நாள் நான் அந்த உதட்ட ஒருக்கா கூட தூக்கிப் பாக்கல. ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்க, உண்ணிக்காய்ச்சல் இல்ல. பூச்சிக்கு மூணு நாள் மருந்து, ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப ஒருக்கா, காக்சிடியாவுக்கு தனி மருந்து, ரத்தம் ஊற ஒரு டானிக். சிரப்ப அன்னைக்கே நிறுத்தியாச்சு. தீனி 200 கிராம்ல ஆரம்பிச்சு மூணு நாளைக்கு ஒருக்கா கொஞ்சம் ஏத்தி இப்ப 270. அஞ்சாவது நாள்லருந்து வெளிக்கி கெட்டியா போறான். ஞாயித்துக்கிழமை தோறும் அதே தராசுல ஏறுறோம், 7.8, 8.4, 9.3, இன்னைக்கு 10.2.

ஒரு சந்தேகம். அடுத்த மாசம் வீட்டுக்கு கொண்டு போகலாம்னு இருக்கேன், அங்க பின்னாடியே எங்க மாமாவோட பன்னீர் திராட்சை பந்தல், கீழ பழம் உதிந்து கெடக்கும். அத தின்னா ஒண்ணும் ஆகாதுல்ல?

வெட்டினரி மூணாம் வருசம்:
ஆகும்ணே! திராட்சை நாய்க்கு கிட்னிய அடிச்சிரும், எத்தன பழத்துல ஆகும்னு முன்கூட்டியே சொல்லவே முடியாது, உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். பந்தலுக்குள்ள அவன விடவே விடாதீங்க, வேலி கட்டுற வரைக்கும் சங்கிலியோட நடத்துங்க. தின்னுட்டான்னு தெரிஞ்சா வாந்தி எடுக்குற வரை காத்திருக்காம அப்பவே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிருங்க.

குமுளி அக்கா:
பந்தலுக்கு மருந்து அடிக்கிற அன்னைக்கும் அவன வீட்டுக்குள்ளயே வச்சுக்கங்க தம்பி, தோட்டத்துலயும் அப்படித்தான், ஏலத்துக்கு அடிச்ச ஈரத்துல நடந்துட்டு வந்து பாதத்த நக்குவான். ஈறு இப்ப என்ன நெறம்னு நீங்க சொல்லவே இல்லையே?

ஏலக்காட்டுப் பய:
இப்பதான் தூக்கிப் பாத்தேன் அக்கா. ரோஸு. வேலிக்கு கம்பி நாளைக்கே மாமாகிட்ட சொல்லிட்றேன்.