நானே தைத்த ஸ்லீப்பிங் பேக்: பஞ்சைக் கூட்டினேன், குளிரும் கூடிவிட்டது. எங்கே தவறு?

கட்டிங்_மாஸ்டர்:
வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுவது என் வேலை. வரும் டிசம்பரில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரம் ஏறப் போகிறோம். வாடகைக்குக் கிடைக்கும் படுக்கைப் பையில் யார் யாரோ படுத்திருப்பார்கள் என்ற நினைப்பே பிடிக்கவில்லை. தைப்பதுதானே நம் தொழில் என்று நானே ஒன்றைத் தைத்துவிட்டேன்.

முதலில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பாலியஸ்டர் பஞ்சு ஒரு அடுக்கு வைத்தேன். டிசம்பரில் ஊட்டி தலைக்குந்தாவில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் போட்டுப் படுத்துப் பார்த்தேன். குளிர்ந்தது, ஆனால் தாங்க முடிந்தது. ஊருக்கு வந்து பையைப் பிரித்து, அதே துணிக்குள் இன்னொரு 200 ஜிஎஸ்எம் வைத்துத் தைத்தேன். போன சனிக்கிழமை மறுபடி அதே தோட்டம். இரவு 2 மணிக்கு மேல் கண் மூடவில்லை. முழங்கால், தோள், முதுகு எல்லாம் விறைத்துவிட்டன. உள்ளே ஜெர்கின் போட்டுக்கொண்டேன், இன்னும் மோசம். விடிந்ததும் பார்த்தால் பை ஈரம்.

உள் துணி டாஃபெட்டா என்கிற வழவழப்பான மெல்லிய துணி, மேல் துணி ரெயின்கோட் துணி. இரண்டுக்கும் ஒரே பேட்டர்ன், தோளில் சுற்றளவு 150 செ.மீ. 10 செ.மீ. இடைவெளியில் டயமண்ட் தையல், மேல் துணியிலிருந்து உள் துணிவரை ஊடுருவிப் போட்டது. தரையில் கோரைப்பாய், அதன்மேல் யோகா மேட். பஞ்சு 600 ஜிஎஸ்எம் ஆக்கினால் சரியாகுமா?

நீலகிரியான்:
இரண்டு கம்பளி எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் படுக்கிறோம்.

கட்டிங்_மாஸ்டர்:
ஐயா, உங்கள் வீட்டில் சுவர் இருக்கிறது. இரண்டு கம்பளியை முதுகில் சுமந்துகொண்டு மலையேற வேண்டும் என்பதுதான் என் சிக்கல்.

மலைநடை:
மூன்று கேள்விகள். இரண்டு இரவும் ஒரே குளிரா? பஞ்சைத் தைப்பதற்கு முன் எவ்வளவு உயரம், தைத்த பிறகு எவ்வளவு? ஈரம் பைக்கு வெளியிலா, மேல் துணியின் உட்பக்கத்திலா? இவை தெரியாமல் 600 ஜிஎஸ்எம் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

கட்டிங்_மாஸ்டர்:
முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். முதல் இரவு மேகமூட்டம், வெப்பமானி 6 டிகிரி காட்டியது. இரண்டாவது இரவு தெளிந்த வானம், 0 டிகிரி, புல்வெளி முழுக்க உறைபனி. ஆகவே ஒப்பிட்டதே நியாயமில்லை. ஆனாலும் பஞ்சு இரு மடங்கு ஆயிற்றே?

அடிக்கோல் வைத்து அளந்தேன். இரண்டு அடுக்கும் மேஜைமேல் சும்மா கிடந்தால் 6 செ.மீ. தைத்த பையில் டயமண்ட் நடுவில் 3. நான் உள்ளே படுத்து, மனைவியை முழங்கால் இருக்கும் இடத்தில் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு விரல் தடிமன்கூட இல்லை என்றாள். ஈரம் உட்பக்கம்தான். பஞ்சே நனைந்திருந்தது.

ஊசியும்_நூலும்:
தம்பி, விடையை நீங்களே அளந்து சொல்லிவிட்டீர்கள். பஞ்சு சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. எடையைப் பார்க்காதீர்கள், உப்பலைப் பாருங்கள். 6 செ.மீ. உப்பலுக்குக் காசு கொடுத்து 3 செ.மீ. உப்பலில் படுத்திருக்கிறீர்கள். முழங்காலில் அதுவும் இல்லை.

பேட்டர்ன் போடுகிறவர் இதைத் தவறவிட்டது எனக்கு ஆச்சரியம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கிறது, நடுவே 5 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்குழாயின் ஆரம் 5 செ.மீ. கூட வேண்டும். அப்படியானால் சுற்றளவு 2 × 3.14 × 5, அதாவது 31 செ.மீ. கூட வேண்டும். உள் துணி 150 என்றால் மேல் துணி 181. தடிமன் ஒரு செ.மீ. கூடினால் மேல் துணி ஏறக்குறைய 6.3 செ.மீ. கூட வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டையும் 150-இல் வெட்டியதால், முழங்காலை மடக்கும்போது உள் துணி போய் மேல் துணியை முட்டுகிறது. நடுவில் இருக்கும் பஞ்சு அப்பளமாகிவிடுகிறது. இன்னொரு அடுக்கைத் திணித்தது பையை இறுக்கிவிட்டது. அதற்குள் ஜெர்கினும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஊடுருவிய தையல். தையல் கோட்டில் இரண்டு துணி மட்டும்தான், பஞ்சு பூஜ்யம். 10 செ.மீ. டயமண்ட் என்றால் உடம்பெங்கும் குளிர்க்கோடு போட்டிருக்கிறீர்கள். கோடைக்காலப் பைக்கு அது போதும், உறைபனிக்குப் போதாது. ஒரு அடுக்குப் பஞ்சை உள் துணியோடு மட்டும் தையுங்கள், மற்றதை மேல் துணியோடு மட்டும். ஒன்றின் தையல் கோட்டுக்கு நேராக மற்றதன் நடுப்பகுதி வரட்டும். இரண்டையும் ஓரங்களில் மட்டும் சேர்த்தால் போதும். வெளியிலிருந்து உள்ளே வரை ஒரு ஊசித் துளைகூட நேராகப் போகாது. உங்கள் பஞ்சு விரிப்பாக ஒட்டியிருக்கும் வகைதானே? அதற்கு 10 செ.மீ.க்கு ஒரு தையல் தேவையே இல்லை, 30 செ.மீ. விட்டுப் போடலாம். தலையணைக்குள் அடைக்கும் உதிரிப் பஞ்சு என்றால் ஒரே துவைப்பில் மூலைக்குப் போய்ச் சேரும். அதைத் தொடவே வேண்டாம்.

மலைநடை:
அக்கா சொன்னதற்குமேல் ஈரத்தைப் பற்றி மட்டும். வெளிப்பனி உள்ளே வந்திருந்தால் தையல் துளைகளை ஒட்டிக் கோடு கோடாக நனைந்திருக்கும். பரவலாக நனைந்திருப்பதால் அது உங்கள் உடம்பின் நீராவி. தூங்கும்போதும் தோல் வழியாக நீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ரெயின்கோட் துணியின் பூச்சு அதை வெளியே விடாது. ஆவி அந்தக் குளிர்ந்த துணியில் முட்டி, நீராகிப் பஞ்சில் இறங்குகிறது. மலையில் நான்கு இரவு இப்படிப் போனால் நான்காம் நாள் ஈரத் துணிமூட்டைக்குள் படுப்பீர்கள். பூச்சில்லாத, நெருக்கமாக நெய்த நைலான் வாங்குங்கள். கடையிலேயே துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். சிரமப்பட்டாவது காற்று போக வேண்டும். தாராளமாகப் போனாலும் வாங்காதீர்கள், மலைக்காற்று உள்ளே வரும்.

பைக்குள் தலையை விட்டு மூச்சு விட்டீர்களா?

கட்டிங்_மாஸ்டர்:
விட்டேன். மூக்கு உறைந்துபோகிறதே!

மலைநடை:
அந்த ஈரத்தில் ஒரு பங்கு உங்கள் மூச்சிலிருந்தும் வந்தது. தலைக்கு முக்காடு போல ஒரு பகுதி தைத்து, முகம் மட்டும் வெளியே தெரியும்படி நாடா போடுங்கள். கழுத்தைச் சுற்றிப் பஞ்சு அடைத்த பட்டை ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை புரளும்போதும் உள்ளே இருக்கும் சூடான காற்று துருத்தி ஊதுவது போல வெளியே போய்விடும். ஜிப்புக்குப் பின்னால் நீளம் முழுக்க அதே போன்ற ஒரு பட்டை.

வெறுங்கால்:
பைக்குள் உடையே இல்லாமல் படுத்தால்தான் சூடு என்று எல்லா மலையேற்றக்காரர்களும் சொல்கிறார்களே?

ஊசியும்_நூலும்:
எல்லாரும் சொல்கிறார்கள், உண்மைதான். சொல்வது உண்மையில்லை. உலர்ந்த உடை இன்னொரு அடுக்குக் காற்று. பையை உள்ளிருந்து நெருக்காதவரை போடலாம். பகலில் வியர்த்த சட்டையோடும் ஈரக் காலுறையோடும் நுழைவதுதான் தவறு.

நீலகிரியான்:
கம்பளி என்று சொன்னதற்காக என்னை ஒதுக்கிவிடாதீர்கள். முதுகு விறைத்தது என்றாரே, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உடம்புக்குக் கீழே இருக்கும் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடும். நீங்கள் எத்தனை ஜிஎஸ்எம் வைத்தாலும் அப்படித்தான். கீழிருந்து வரும் குளிரைப் பாய்தான் தடுக்க வேண்டும். கோரைப்பாய் மதுரை வெயிலுக்கு நெய்தது தம்பி. அழுத்தினாலும் நசுங்காத, மூடிய குமிழ்களால் ஆன ஃபோம் விரிப்பு வாங்குங்கள். பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட ஆர்-மதிப்பு என்று ஒரு எண் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். பனியில் படுக்க மொத்தம் 4-க்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

கட்டிங்_மாஸ்டர்:
ஐயா, மன்னியுங்கள். வாங்கிவிடுகிறேன். தைத்து முடித்ததும் இந்தப் பை எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

மலைநடை:
வீட்டில் சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரத்தின்படி, சூடேற்றிய மனித உருவப் பொம்மையைப் பைக்குள் வைத்துக் குளிர் அறையில் சோதிக்கிறார்கள். அதில் வரும் எண்களில் 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. 'லிமிட்' என்பது சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதைப் பற்றியது, தூக்கத்தைப் பற்றியதல்ல. சில கடைகளில் அந்தக் கடைசி எண்ணைத்தான் பெரிதாக அச்சிட்டு விற்பார்கள். உங்களுக்குத் தலைக்குந்தாதான் சோதனைக்கூடம்.

கட்டிங்_மாஸ்டர் (மூன்று வாரம் கழித்து):
தைத்துவிட்டேன். உள் துணி 150, மேல் துணி 182. பூச்சில்லாத ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த) நைலான். ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். 11-ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல். குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கிறது என்பதால் துணி காயப்போடும் கிளிப்புகளால் பிடித்துத் தைத்தேன். ஓரம் பிரியாமல் இருக்க சால்டரிங் கம்பியால் சுட்டு வெட்டினேன். ஜிப் மட்டும் பட்டையை அடிக்கடி கடிக்கிறது.

போன சனிக்கிழமை கூடாரத்துக்குள் 1 டிகிரி. பஞ்சின் அளவு அதே 400 ஜிஎஸ்எம்தான். ஐந்து மணிவரை தூங்கினேன். இரவும் காலையும் பையை எடை போட்டேன்; 40 கிராம் கூடியிருந்தது. பழைய பையில் அளக்கவில்லை என்றாலும் கையில் பிழிகிற ஈரம் இருந்தது. முதுகு பிரச்சினையே இல்லை. மிச்சம் இருப்பது கால்விரல்கள் மட்டும்.

ஊசியும்_நூலும்:
கால் பக்கத்தை எப்படி மூடினீர்கள்? தலையணை உறை போல நேராகவா?

கட்டிங்_மாஸ்டர்:
ஆமாம், நேராகத்தான்.

ஊசியும்_நூலும்:
மல்லாந்து படுத்தால் விரல்கள் அந்தத் தையலைத் தள்ளி நிற்கும், அங்கே பஞ்சு இருக்காது. முட்டை வடிவத்தில் ஒரு அடித்துண்டு வெட்டி, வாளிக்கு அடி வைப்பது போலத் தையுங்கள். பாதம் நிமிர்ந்து நிற்க 30 செ.மீ. உயரமாவது வேண்டும். அந்தத் துண்டுக்கு மட்டும் மூன்றடுக்குப் பஞ்சு. ஜிப் கடிப்பதற்கு, பட்டையின் ஓரத்தில் விறைப்பான நாடா ஒன்று வைத்துத் தையுங்கள். பழைய பையில் இருக்கும் பஞ்சை உலர்த்திப் பயன்படுத்தலாமே?

கட்டிங்_மாஸ்டர்:
பழைய பை பாட்டியிடம் போய்விட்டது. ஜிப்பை முழுக்கத் திறந்து கட்டிலில் விரித்துப் படுத்திருக்கிறார். கேட்டுப் பார்த்தேன், தர மறுத்துவிட்டார். புதிதாக ஒரு மீட்டர் பஞ்சு வாங்கி ஞாயிற்றுக்கிழமை கால் பக்கத்தைப் பிரிக்கிறேன்.