பேட்டில்ஸ்டார் கலாக்டிகா, "33": ஒலிம்பிக் கேரியரில் மனிதர்கள் இருந்தார்களா?

வான்வழி (கேள்வி)

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். 2003-இல் வந்த குறுந்தொடரை முடித்த கையோடு "33" என்ற முதல் எபிசோடைப் பார்த்தேன். பார்த்த பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆகவே கதை முழுவதையும் வெளிப்படையாகச் சொல்லியே கேட்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

மனிதர்களின் பன்னிரண்டு குடியேற்ற உலகங்களும், அவர்களே படைத்த இயந்திர இனமான சைலான்களால் அழிக்கப்பட்டபின், எஞ்சிய ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் ஒரு போர்க்கப்பலின் பாதுகாப்பில் தப்பி ஓடுகிறார்கள். விண்வெளியில் ஒரே கணத்தில் எங்கே தாவிச் சென்றாலும் சரியாக 33 நிமிடங்களில் எதிரி வந்துவிடுகிறான். ஐந்து நாட்களுக்கு மேலாக யாருக்கும் உறக்கம் இல்லை. இந்நிலையில் 1,345 பேர் பயணித்த ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிகள் கப்பல் ஒரு தாவலின்போது பின்தங்கிவிடுகிறது. அந்த முறை 33 நிமிடங்கள் கடந்தும் சைலான்கள் வருவதில்லை. பிறகு அந்தக் கப்பல் தானாகத் திரும்பி வருகிறது, அதைத் தொடர்ந்து எதிரியும் வருகிறான். கப்பலில் அணுகுண்டு இருப்பதற்கான அறிகுறி தெரிகிறது, நிற்கச் சொன்னாலும் அது நிற்பதில்லை. அதிபர் ரோஸ்லின் உத்தரவிட, போர் விமானிகளான லீ அடாமாவும் காரா திரேஸும் அதைச் சுட்டு அழிக்கிறார்கள்.

சுடுவதற்குமுன் லீ அந்தக் கப்பலின் ஜன்னல்களை ஒட்டிப் பறந்து, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கிறார். யாரும் தெளிவாகத் தெரிவதில்லை. அவர்கள் உள்ளே இருந்தார்களா, ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார்களா என்பதை எபிசோடு சொல்லவே இல்லை. இதைப் படைப்பாளிகளின் நேர்மையாக எடுத்துக்கொள்வதா, கடினமான இடத்தில் நழுவிச் சென்றுவிட்டார்கள் என்று கொள்வதா? பயணிகளின் முகங்களைக் காட்டியிருந்தால் லீயையும் ரோஸ்லினையும் அடுத்த வாரம் நம்மால் ஏற்றுக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் காட்டாமல் விட்டார்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

நெடுந்தொலைவு

நழுவல் என்று நான் கருதவில்லை. முடிவெடுத்தவர்களுக்கு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் நமக்கும் தெரிய வேண்டும் என்பதில் இந்த எபிசோடு முதல் காட்சியிலிருந்தே உறுதியாக இருக்கிறது. கதை தொடங்கும்போதே துரத்தல் பல நாட்களாக நடந்துகொண்டிருக்கிறது. சைலான்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், ஏன் 33 நிமிடம் என்று யாரும் நமக்கு விளக்குவதில்லை. அந்த எண்ணுக்குத் தனிப் பொருள் ஏதும் இல்லை என்று எழுதிய ரொனால்ட் டி. மூரே பின்னாளில் கூறியிருக்கிறார். அறிவியல் சொற்களை அடுக்கி ஒரு காரணத்தைக் கற்பித்திருந்தால் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும்.

ஒரு சிறு கணக்கு. பாத்திரங்கள் 237 தாவல்கள் என்று குறிப்பிடுகிறார்கள். அதை 33-ஆல் பெருக்கினால் 7,821 நிமிடங்கள், அதாவது 130 மணி நேரத்துக்குச் சற்று மேல். வசனத்தில் வரும் "130 மணி நேரம்" என்பதோடு இது பொருந்துகிறது. இத்தனை கவனமாக எழுதியவர்கள் ஜன்னல் காட்சியை மட்டும் கைதவறி மங்கலாக விட்டிருக்க மாட்டார்கள்.

உறக்கமின்மையை அவர்கள் காட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். விமானிகள் விழித்திருப்பதற்காக ஊக்க மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது. காரா அதை ஏற்க மறுத்து லீயோடு மல்லுக்கு நிற்கிறார். எதிரி வரவில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவராலும் உடனே படுத்து உறங்க முடிவதில்லை. அப்படிப்பட்ட ஒருவனின் கண்கள்தாம் அந்த ஜன்னல்களைப் பார்க்கின்றன. அவன் கண்டதை நாம் எவ்வளவு நம்பலாம்? ஆட்கள் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. அவனும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்தபின், உத்தரவு தன்னுடையது, பொறுப்பும் தன்னுடையது என்று போர்க்கப்பலின் தளபதியான அவன் தந்தை சொல்லும்போது, சுட்டது நான், அது என்னைச் சேர்ந்தது என்ற பொருளில் லீ பதில் சொல்கிறார். கப்பல் வெறுமையாக இருந்தது என்று நம்பும் ஒருவன் அப்படிப் பேச மாட்டான்.

மாலைக்காற்று

எனக்கு ஜன்னலைவிட அணுகுண்டு எச்சரிக்கைதான் உறுத்தல். கப்பல் பின்தங்கியபோது சைலான்கள் வரவில்லை, திரும்பியதும் வந்தார்கள் என்ற சந்தேகம் ஒன்றை மட்டும் வைத்து அந்த முடிவை எடுக்க வைத்திருந்தால் எபிசோடு இன்னும் கடுமையாக இருந்திருக்கும். கதிர்வீச்சுக் கருவி ஒலித்த கணத்தில் ரோஸ்லினுக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் எழுத்து அவருக்குச் சற்று உதவிவிட்டது. வான்வழி அவர்களின் ஐயத்தில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன், ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். சைலான்களின் தாக்குதலுக்குத் தன்னையறியாமல் வழிவிட்ட விஞ்ஞானி பால்டரின் துரோகத்தைப் பற்றித் தகவல் வைத்திருக்கும் மருத்துவர் அமராக் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார். கப்பல் அழிய வேண்டும் என்று விரும்புவதற்குப் பால்டரிடம் சொந்தக் காரணம் இருக்கிறது. அவர் மனக்கண்ணில் தோன்றும் பெண்ணோ, அது கடவுளின் தண்டனை என்றும் மனம் திருந்தினால் தப்பலாம் என்றும் சொல்கிறாள். அவர் அச்சத்தில் திருந்துவதாகச் சொன்னதும் ரோஸ்லினின் உத்தரவு வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் அழிவில் ஒருவன் தன் தப்பித்தலைக் காண்கிறான் என்பது எனக்கு அந்தக் குண்டைவிடக் கொடூரமாகப் பட்டது.

நெடுந்தொலைவு

எச்சரிக்கை பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் குண்டு இருந்தது என்பதால் பயணிகள் இல்லை என்றாகிவிடாது. இரண்டும் ஒருசேர இருந்திருக்கலாம்.

கரைசேரா

தொடர் முழுவதையும் பார்த்தவன் என்ற முறையில் கேள்வியின் மறுபாதிக்கு விடை சொல்கிறேன். மூன்றாம் சீசனின் முடிவு இதில் வெளிப்படும் என்பதால் வான்வழி விரும்பினால் இதைத் தாண்டிச் செல்லலாம்.

2007-இல் ஒளிபரப்பான மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடில் பால்டர் மீதான விசாரணை நடக்கிறது. சீருடையைத் துறந்து பால்டரின் தரப்பில் வாதாட நின்ற லீ, சாட்சிக் கூண்டில் ஏறி, இந்தக் கூட்டத்தில் மன்னிக்கப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். அந்த வரிசையில் தன் பெயரையும் சேர்க்கிறார்: ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஒலிம்பிக் கேரியரைத் தான் சுட்டு வீழ்த்தியதாகவும், அதற்காகத் தான் மன்னிக்கப்பட்டதாகவும் சொல்கிறார். "இருந்திருக்கலாம்" என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. மூன்று சீசன்களாக அவர் அவர்களை உயிருள்ள மனிதர்களாகவே சுமந்து வந்திருக்கிறார் என்பது அங்கே விளங்குகிறது. நழுவ நினைத்த எழுத்தாளர்கள், எல்லோரும் மறந்துவிட்ட ஒரு கப்பலின் பெயரை அத்தனை நாள் கழித்துத் தோண்டி எடுத்திருக்க மாட்டார்கள். இந்த எபிசோடுக்கு 2005-இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது முற்றிலும் தகும்.

வான்வழி

கரைசேரா அவர்களுக்கு மிக்க நன்றி. முடிவு தெரிந்துவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காட்சிக்காகவே மீதியையும் பார்ப்பேன்.

லீயைப் பற்றிய என் ஐயம் தீர்ந்தது. ரோஸ்லினைப் பற்றியது தீரவில்லை. உயிரோடு இருப்போரின் எண்ணிக்கையைக் காட்டும், தொடக்கத்தில் 50,298 என்றிருந்த பலகையில், இறுதியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி கேட்டு அவர் 47,973 என்று திருத்தி எழுதுகிறார். அந்த ஒன்றைக் கூட்டும்போது அவர் முகம் மலர்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒலிம்பிக் கேரியரைக் கழித்ததும் அதே கைதான். லீ தன் பங்கை வெளிப்படையாக ஏற்றதைப்போல ரோஸ்லின் எப்போதாவது, எவர் முன்பாவது ஏற்கிறாரா என்பதை இனிவரும் எபிசோடுகளில் கவனித்துப் பார்க்கப்போகிறேன்.