ஒஹாயோவுக்குக் குடிபெயர நினைக்கிறோம்: மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சியை எப்படி எடை போடுவது?

கேள்வி – எடிசன், நியூ ஜெர்சி

வணக்கம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு பத்து ஆண்டுகளாக எடிசனில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். நான் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தரவுப் பொறியாளர். நிறுவனத்தின் ஆதரவில் தரப்படும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புதலாகிவிட்டது. மனைவி, எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்குரிய எச்-4 வேலை அனுமதியில் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். இப்போது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலுள்ள ஒரு நிறுவனம் எனக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிட 12 சதவீதம் குறைவு. ஆனால் இங்கே சொந்த வீடு என்பது எட்டாமலே போய்க்கொண்டிருப்பதால், அந்த வாய்ப்பை ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

போகும் மாநிலம் வளர்கின்ற மாநிலமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என நினைத்து, ஒஹாயோ, இந்தியானா, மின்னசோட்டா, இல்லினாய் ஆகிய நான்கின் மொத்த உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சியை ஓர் அட்டவணையாகப் போட்டேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன். 2020-இன் வீழ்ச்சியிலிருந்து கணக்கைத் தொடங்கினால் எல்லா மாநிலங்களும் பாய்ந்து வளர்ந்ததுபோலத் தெரிகின்றன. 2019-இலிருந்து தொடங்கினால் வரிசையே மாறிவிடுகிறது. ஒரு நண்பர், இன்டெல் தொழிற்சாலை வருகிறது, விலை ஏறுவதற்குள் வீடு வாங்கிவிடுங்கள் என்கிறார். இன்னொருவர், அது ஆலைகள் மூடிய பழைய மாநிலம், பிள்ளைகளின் எதிர்காலத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள் என்கிறார். இருவருமே என் நலம் விரும்பிகள். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதை, அந்தப் பக்கம் வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – டப்ளின், ஒஹாயோ

வணக்கம் நண்பரே. நான் கொலம்பஸ் வட்டாரத்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் அட்டவணையில் கணக்குப் பிழை இருக்காது. எடுத்துக்கொண்ட அளவுதான் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒஹாயோவில் வாழப் போவதில்லை. ஒஹாயோவின் இரண்டு மூன்று கவுண்டிகளுக்குள், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதிகளுக்குள், வாழப் போகிறீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் 1,15,36,504 ஆக இருந்த ஒஹாயோவின் மக்கள்தொகை 2020-இல் 1,17,99,448 ஆனது. பத்தாண்டுகளில் வெறும் 2.3 சதவீத உயர்வு. நாட்டின் பிற பகுதிகளைவிட மெதுவாக வளர்ந்ததால் பிரதிநிதிகள் சபையில் ஓர் இடத்தையும் இழந்தது. 16 இடங்கள் 15 ஆகிவிட்டன. இதை மட்டும் பார்த்தால் உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வது சரிதான். ஆனால் அதே பத்தாண்டுகளில் கொலம்பஸ் அமைந்துள்ள ஃபிராங்க்ளின் கவுண்டி 11,63,414-இலிருந்து 13,23,807-க்கும், அதற்கு வடக்கேயுள்ள டெலவேர் கவுண்டி 1,74,214-இலிருந்து 2,14,124-க்கும் உயர்ந்தன. இந்த இரண்டின் உயர்வையும் கூட்டினால் ஏறத்தாழ இரண்டு லட்சம் வருகிறது. மாநிலம் முழுவதும் நிகரமாகக் கூடியதோ 2,62,944 பேர்தான். அதாவது, எண்பத்தெட்டு கவுண்டிகள் கொண்ட ஒரு மாநிலத்தின் நிகர வளர்ச்சியில் நான்கில் மூன்று பங்குக்கு இரண்டு கவுண்டிகளின் உயர்வே ஈடாக நிற்கிறது. மாநிலச் சராசரி என்பது கொலம்பஸையும் சுருங்கிக்கொண்டிருக்கும் ஊர்களையும் ஒன்றாகக் கலக்கிய எண். அது இரண்டில் எதையும் சரியாகக் காட்டாது.

அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் கவுண்டி வாரியாகவும் மொத்த உள்நாட்டு உற்பத்தியை வெளியிடுகிறது. பணவீக்கத்தை நீக்கிய தொகையை எடுத்து, 2019-ஐ அடிப்படையாக வைத்து ஃபிராங்க்ளின், டெலவேர், லிக்கிங், யூனியன் ஆகிய நான்கு கவுண்டிகளுக்கும் பாருங்கள். 2020-இலிருந்து தொடங்காதீர்கள்; பள்ளத்திலிருந்து அளந்தால் சமதளம்கூட மலையாகத்தான் தெரியும்.

இன்டெல் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் லிக்கிங் கவுண்டியில் 20 பில்லியன் டாலருக்கும் மேலான முதலீட்டில் இரண்டு சிப் ஆலைகள், நிறுவனத்தில் 3,000 நிரந்தர வேலைகள் என்று அறிவித்தார்கள்; 2025-இல் உற்பத்தி தொடங்கும் என்றார்கள். 2025 பிப்ரவரியிலோ முதல் ஆலையின் கட்டுமானம் 2030-இல்தான் முடியும், அதற்குப் பிறகே இயங்கும் என்று தெரிவித்தார்கள். எனவே அதை நம்பி வீடு வாங்காதீர்கள். அது வந்தால் நல்லது. வராவிட்டாலும் உங்கள் கணக்கு நிற்க வேண்டும்.

மறுமொழி 2 – ரசீன் கவுண்டி, விஸ்கான்சின்

மேலே எழுதியவர் சொன்னதை நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். 2017-இல் மின்னணுக் கருவிகள் செய்யும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் விஸ்கான்சினுக்கு 10 பில்லியன் டாலர் முதலீடும் 13,000 வேலைகளும் கொண்டுவரும் என்று வெள்ளை மாளிகையிலேயே அறிவிப்பு நடந்தது. பிறகு எங்கள் கவுண்டியின் மவுண்ட் பிளசன்ட்டில் நிலம் கையகப்படுத்தினார்கள், வீடுகளை இடித்தார்கள், சாலைகளை அகலப்படுத்தினார்கள். 2021-இல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 672 மில்லியன் டாலர் முதலீடாகவும் 1,454 வேலைகளாகவும் சுருங்கிவிட்டது. இப்போது அதே வட்டாரத்தில் மைக்ரோசாஃப்ட் பெரிய தரவு மையம் கட்டுகிறது.

இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் இதிலிருந்து ஒரு பழக்கம் எனக்கு வந்தது. அறிவிக்கப்பட்ட வேலைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிறேன். தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம், முதலாளிகள் வேலையின்மைக் காப்பீட்டுக்காகத் தாக்கல் செய்யும் விவரங்களைக் கொண்டு, கவுண்டி வாரியாகவும் தொழில் வாரியாகவும் காலாண்டுக்கு ஒருமுறை எண்களை வெளியிடுகிறது. ஏறத்தாழ அரை ஆண்டு தாமதமாக வரும். ஆனால் அதில் வாக்குறுதிகளுக்கு இடமில்லை. தரவு மையங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஒரு தரவு மையம் முதலீட்டுக் கணக்கைப் பெரிதாக உயர்த்தும். கட்டும் காலத்தில் நிறையப் பேருக்கு வேலை தரும். கட்டி முடித்த பிறகு அத்தனை பெரிய கட்டிடத்தை மிகக் குறைந்த ஆட்களே நடத்துவார்கள். கொலம்பஸின் கிழக்கே நியூ ஆல்பனியிலும் கூகுள், அமேசான், மெட்டா மூன்றுக்கும் தரவு மையங்கள் இருக்கின்றன. அங்கே காணும் வளர்ச்சியில் உங்கள் வேலைக்கு எவ்வளவு பங்கு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 – மினியாபொலிஸ், மின்னசோட்டா

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது எச்-1பி என்ற சொல்தான். வளர்ச்சி விகிதத்துக்கு முன்னால் அதைப் பேச வேண்டும்.

நாங்கள் முன்பு இல்லினாயில் பியோரியாவில் இருந்தோம். கேட்டர்பில்லரின் தலைமையகம் இருந்த ஊர் அது. 2017-இல் தலைமையகத்தைச் சிகாகோவின் புறநகருக்கு மாற்றினார்கள், 2022-இல் டெக்சாஸ் என்று அறிவித்தார்கள். என் கணவர் வேறொரு சிறிய பொறியியல் நிறுவனத்தில் இருந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் வேலை போயிற்று. வேலை போனால் புதிய முதலாளி விண்ணப்பம் போடுவதற்கு எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம். அந்த 60 நாட்களில் அவருடைய துறைக்குப் பொருந்தும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பள்ளியாண்டின் நடுவே பிள்ளையை இழுத்துக்கொண்டு மினியாபொலிஸ் வந்தோம்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு. நாளைக்கே இந்த வேலை இல்லையென்றால், வீடு மாறாமல், காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரத்தில், உங்கள் தொழிலுக்கு எத்தனை முதலாளிகள் இருக்கிறார்கள்? கொலம்பஸில் நேஷன்வைட் இருக்கிறது, டப்ளினில் கார்டினல் ஹெல்த் இருக்கிறது, ஜேபி மார்கன் சேஸின் பெரிய வளாகம் இருக்கிறது, ஹன்டிங்டன் வங்கி, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம், அதன் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் எத்தனை பேர் விசா ஆதரவோடு எடுக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. புதிய முதலாளி, புதிய ஊர் என்றால் கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றிதழை முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஐ-140 ஒப்புதலாகிவிட்டதால் பழைய முதலாளி அதைத் திரும்பப் பெற்றாலும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி உங்களிடமே இருக்கும். ஆனாலும் புதிய நிறுவனம் அந்தச் சான்றிதழுக்கான வேலையை எந்த மாதம் தொடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள்.

மறுமொழி 4 – வெஸ்டர்வில், ஒஹாயோ (வரிக் கணக்கு பார்ப்பவர்)

சம்பளக் குறைவைப் பற்றிச் சில விவரங்கள். ஒஹாயோவின் மாநில வருமான வரி 2026-ஆம் ஆண்டிலிருந்து 26,050 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 2.75 சதவீதம் என்ற ஒரே விகிதம். நியூ ஜெர்சியிலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, நகர வரியை மறந்துவிடுகிறார்கள். கொலம்பஸ் நகர எல்லைக்குள் வேலை செய்தால் சம்பளத்தில் 2.5 சதவீதம் நகருக்குப் போகும். வேறு நகரில் குடியிருந்தால் அந்த நகருக்கும் வரி உண்டு. கொலம்பஸுக்குக் கட்டியதை எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். எந்த நகர எல்லைக்குள்ளும் வராத டவுன்ஷிப் பகுதிகளில் பொதுவாக நகர வருமான வரி இல்லை. சில பள்ளி மாவட்டங்களோ (பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகப் பகுதிகள்) தனியாக வருமான வரி வாங்குகின்றன. கொலம்பஸுக்கு வெளியே குடியிருந்து வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தால், அந்த நாட்களுக்குப் பிடித்த கொலம்பஸ் வரியைத் திரும்பக் கேட்க முடியும். நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சிக்கும் சொத்து வரிக்கும் உள்ள தொடர்பையும் கவனியுங்கள். இங்கே கவுண்டி ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுகளை மறுமதிப்பீடு செய்கிறது. இடையில் மூன்றாம் ஆண்டிலும் மதிப்பைத் திருத்துகிறது. வேகமாக வளரும் டெலவேர் கவுண்டியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் கூடுவதால் புதிய பள்ளிகள் தேவைப்படுகின்றன. அதற்கான கூடுதல் வரியை வாக்கெடுப்புக்கு வைப்பார்கள். வீட்டின் மதிப்பு ஏறுவதை வளர்ச்சியின் பலனாக எழுதும்போது, ஏறும் வரியையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். இதைச் சொல்லாமல் வீடு விற்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மறுமொழி 5 – கிளீவ்லண்ட், ஒஹாயோ

வளர்ச்சி விகிதமே தேவையில்லை என்ற முடிவுக்கு நண்பர் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 1950-இல் கிளீவ்லண்டில் 9,14,808 பேர் இருந்தார்கள். 2020-இல் 3,72,624 பேர். ஒன்பது லட்சம் பேருக்காகப் போட்ட குழாய்களையும் சாலைகளையும் நான்கு லட்சத்துக்கும் குறைவானவர்கள் பராமரிக்கிறோம். இவ்வளவுக்கும் உலகப் புகழ்பெற்ற ஒரு மருத்துவமனை இந்த ஊரில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு உங்கள் வேலைக்கு முதலாளிகளின் எண்ணிக்கை முக்கியம். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு, வீடும் பள்ளியும் இருக்கும் ஊர் வளர்கிறதா சுருங்குகிறதா என்பது முக்கியம். காலக்கெடு எது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால், எண்ணுக்கு எவ்வளவு எடை என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

கேள்வி கேட்டவர் – மூன்று வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாநில அட்டவணையை மூடிவைத்துவிட்டு நீங்கள் சொன்னபடியே செய்தேன். மினியாபொலிஸ் அக்கா சொன்ன கணக்கை முதலில் எடுத்துக்கொண்டு, மூன்று வாரங்களாகக் கொலம்பஸ் வட்டாரத்தில் என் தொழிலுக்கு வந்த விளம்பரங்களை ஒரு நோட்டில் எழுதினேன். ஒரே வேலையைப் பல ஏஜென்சிகள் திரும்பத் திரும்பப் போட்டிருந்ததை நீக்கிய பிறகு பதினான்கு நிறுவனங்கள் மிஞ்சின. அவற்றில் விசா ஆதரவு தருவதாக உறுதி சொன்னவை ஆறு. எடிசனிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இது பல மடங்கு இருக்கும் என்பதை மறைக்க முடியாது. இங்கே நான் இழக்கப்போவது 12 சதவீதச் சம்பளத்தை மட்டுமல்ல என்பது இப்போது தெரிகிறது.

ஆனாலும் ஆறு என்பது ஒன்றல்ல. வாடகை, நகர வரி எல்லாம் போட்டுப் பார்த்ததில் மாதக் கடைசியில் கையில் நிற்பது இப்போதைவிடக் கூடுகிறது. நிறுவனத்திடம் கேட்டதில், வேலையில் சேர்ந்த ஆறு மாதங்களுக்குள் தொழிலாளர் சான்றிதழ் வேலையைத் தொடங்குவதாக மின்னஞ்சலில் எழுதித் தந்திருக்கிறார்கள், வழக்கறிஞரும் பார்த்துவிட்டார். வேலையை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் வீடு வாங்கப் போவதில்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் டப்ளின் பக்கம் வாடகைக்கு இருந்து, அந்த ஆறு என்ற எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்த பிறகே வீட்டைப் பற்றி யோசிப்போம். மனைவியும் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு சிறிய கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. கொலம்பஸ் முகவரி இருந்தாலும் டப்ளின் பள்ளி மாவட்டத்தில் சேரும் குடியிருப்புகள் உண்டு என்கிறார்கள். அது உண்மையா?

மறுமொழி 1 – டப்ளின், ஒஹாயோ

உண்மைதான். இங்கே நகர எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. கொலம்பஸ் நகருக்குள் இருந்துகொண்டே டப்ளின் பள்ளிகளுக்குப் போகும் வீடுகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தால் வருமான வரி கொலம்பஸ் விகிதத்தில் இருக்கும், பிள்ளைகள் டப்ளின் பள்ளியில் படிப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களுக்கு வரியைத் திரும்பக் கேட்கும் வழி அப்போது இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஃபிராங்க்ளின் கவுண்டி ஆடிட்டரின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் பள்ளி மாவட்டம், வரி மாவட்டம் இரண்டும் தெரியும். குத்தகையில் கையெழுத்திடுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு உங்கள் பிள்ளைகளின் வகுப்புக்கு எந்தப் பள்ளி என்று மாவட்ட அலுவலகத்தில் தொலைபேசியில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய பள்ளிகள் திறக்கும்போது எல்லைகளை மாற்றி வரைவது இங்கே வழக்கம்.