நன்றாக இருக்கும் நாள்களிலும் துரத்தும் அச்சம்: பைபோலார் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். எனக்கு வயது 36, வசிப்பது மதுரையில். 2019-இல் பைபோலார் (மனநிலை மிகை எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் இருமுனை மனநோய்) முதல் வகை என்று கண்டறிந்தார்கள். கடைசி மேனியா, அதாவது உறக்கம் குறைந்து உற்சாகம் கட்டுமீறும் நிலை, 2022-இல் வந்தது. அதன்பின் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தைத் தினமும் 900 மி.கி. எடுத்துக்கொண்டு நிலையாக இருக்கிறேன். இப்போது என்னை வாட்டுவது நோயன்று, அது திரும்பிவிடுமோ என்ற அச்சமே.

சென்ற மாதம் அக்காள் மகனின் காதுகுத்து விழாவில் சற்று உரக்கச் சிரித்துவிட்டேன். மனைவி திரும்பிப் பார்த்த அந்த ஒரு பார்வைக்காக, உறக்கம் குறைந்ததால் நோய் வருகிறதா, நோய் வருவதால் உறக்கம் குறைகிறதா என்று அன்றிரவு முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தபடி கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

மனநிலைக் குறிப்பேடு எழுதினேன். நாளுக்கு ஐந்து முறை அதைப் புரட்டுவதே புதிய தொல்லையாயிற்று. இரத்தத்தில் லித்தியம் அளவு கடைசியாக 0.7, இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. இரவு பத்தரைக்குப் படுக்கை, மாலையில் காபி இல்லை. முன்னறிகுறிகளை எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். மருந்தை மாற்றத் தேவையில்லை என்கிறார் மருத்துவர். அவரிடம் பேசக் கிடைப்பதோ பத்து நிமிடம்.

பல ஆண்டுகளாக நிலையாக இருப்பவர்களிடம் கேட்கிறேன்: இது வெறும் மகிழ்ச்சியன்று, மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க நீங்கள் வகுத்துக்கொண்ட எல்லை எது?