வார இறுதி ஏர் ரைபிள் பயிற்சி: ஸ்பிரிங் துப்பாக்கி, காற்று, வெளிச்சம் பற்றி உதவி தேவை

வணக்கம். எங்கள் குடியிருப்புவாசிகளுக்கு சனி, ஞாயிறு 10 மீட்டர் பயிற்சி. புதியவர்கள் 12 பேர், நான்கு லேன் (சுடும் தடம்). ஆளுக்கு நாளொன்றுக்கு 60 குண்டு வீதம் மொத்தம் 1,440. 500 பெல்லட் டின் மூன்று இருக்கிறது. குறி அட்டைக்கு 5 குண்டு என்று 288 அட்டையும் தயார்.

சிக்கல் துப்பாக்கியில்தான். இரண்டு பிசிபி (முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடுவது), இரண்டு ஸ்பிரிங் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் சுடுவது). ஸ்பிரிங் ரகத்தை மணல் மூட்டை மேல் நேராக வைத்தால், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் உதைத்துத் துள்ளுகிறது; குண்டு இடம் மாறுகிறது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தளர்வாகப் பிடித்தால் சரியாகும். புதியவர்களோ இறுக்கிப் பிடித்துவிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டை (குறி பார்க்கும் கருவியை) திருகுவார்கள். ஐந்தும் ஒரே இடத்தில் கூடும்வரை சைட்டைத் தொடாதிருக்க எப்படிப் பழக்குகிறீர்கள்? (திருகாணிக்கு டேப் ஒட்டிவிடலாமா என்றுகூட யோசனை.)

பிசிபியை 200 பார் காற்றழுத்தத்துக்கு நிரப்ப 300 பார் டைவிங் சிலிண்டர், பொருந்தும் அடாப்டரோடு, இரண்டு நாளுக்கு வாடகைக்குக் கிடைக்குமா? கைபம்பு இருக்கிறது, ஆனால் அதை அடித்த தோளோடு குறி பார்ப்பது வீண்.

அட்டைமேல் 1,500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். சுடுபவர் கண் கூசாமல் எல்ஈடியை எந்தக் கோணத்தில் பொருத்துவது?

துப்பாக்கியில் குண்டு இல்லை என்று காட்ட, குழலில் செருகும் ஆரஞ்சு நைலான் கயிறு வாங்கியாயிற்று. 'சுடு', 'நிறுத்து' என்று லேன் கட்டளை கொடுத்துப் பழகிய ஒருவர் வந்தால் பெரிய உதவி.