மேட்டூர் டேம் ரோகு மீன்ல டேக் நிக்க மாட்டேங்குது, உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம், நான் சேலம். மேட்டூர் டேம்ல ரோகு மீனுக்கு டேக் (நம்பர் போட்ட அடையாளம்) போட்டு, ஆடியில தண்ணி வரத்து கூடினா ஒகேனக்கல் பக்கம் ஏறுதான்னு பாக்குறோம். டீ-பார் டேக், அதாவது முனை டீ (T) மாதிரி இருக்குற பிளாஸ்டிக் டேக், முதுகுத் துடுப்புக்குக் கீழ ஊசியால குத்துறது. தொட்டியில விட்டுப் பாத்தா ரெண்டு மூணு வாரத்துல குத்தின இடம் செவந்து வீங்கி டேக் கழண்டுடுது, தங்கினதுலயும் பாசி படிஞ்சு நம்பர் தெரியல. ஊசிய சாய்ச்சு துடுப்பு முள்ளுக்கு நடுவுல மாட்டிப் பாத்தாச்சு, அயோடின் தடவியாச்சு, துள்ளாம இருக்க கிராம்பு எண்ணெயில மயக்கியும் பாத்தாச்சு. பிட் டேக் (சின்ன எலக்ட்ரானிக் சிப்) சரிவராது, அது உடம்புக்குள்ள இருக்கும், பரிசல்ல வலை போடுற அண்ணன்களுக்குக் கண்ணுல படாது, அவங்க எடுத்துக் குடுத்தாதான் எங்களுக்குத் தகவலே. கடல்ல தட்டை மீனுக்குப் போடுற பீட்டர்சன் டிஸ்க் (உடம்புக்கு ரெண்டு பக்கமும் கம்பி கோத்து மாட்டுற வட்டத் தகடு) ரோகுவுக்குப் போட்டா வலையில மாட்டாம நிக்குமா, போட்டுப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?