மறு: 'பல்லவி' போதாதா? – மீள்வரி குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்டிலும் பேச்சிலும் குறித்த இடத்தில் திரும்பத் திரும்ப வரும் வரிக்கு, ஆங்கிலத்தில் refrain என்பதற்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். பல்லவி என்ற சொல் இருக்கும்போது 'மீள்வரி' என்று புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பல்லவி என்பது பாட்டின் ஓர் உறுப்புக்குப் பெயர், திரும்ப வருவதற்குப் பெயர் அல்ல. சினிமாப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: பல்லவி நாலு வரி இருக்கும், சரணம் முடிந்ததும் பல நேரம் முதல் வரியை மட்டும் பாடி நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். கர்நாடக இசைக் கச்சேரியில் விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவியில் சரணமே கிடையாது, அங்கே பல்லவி என்றால் வேறு சங்கதி.

'எடுப்பு' என்ற யோசனையும் சரிவராது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பவற்றை எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசை வட்டத்தில் சொல்வது உண்மைதான், ஆனால் டிசம்பரில் மயிலாப்பூர் சபா வாசலில் யாரிடமாவது 'இந்தப் பாட்டுக்கு எடுப்பு எங்கே' என்று கேட்டுப் பாருங்கள், தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தைத்தான் சொல்வார்கள், சமம், அனாகதம் என்று.

மகுடம் எனக்குப் பிடித்த சொல். பதிகத்தில் பாட்டுதோறும் ஈற்றில் வருவதை அப்படித்தான் சொல்கிறோம். திருப்பாவையின் 'ஏலோர் எம்பாவாய்'க்கு அது கச்சிதமாகப் பொருந்தும். மார்கழிக் காலையில் கோயிலில் கூட்டமாகப் பாடும்போது கவனித்திருப்பீர்கள், பாசுரம் மனப்பாடம் இல்லாதவர்கள் நடுவில் முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்திச் சேர்ந்துகொள்வார்கள், 30 பாசுரத்துக்கும் அப்படியே. ஆனால் சங்க நூலான ஐங்குறுநூற்றின் வேட்கைப் பத்து என்ற பகுதியில் 'வாழி ஆதன் வாழி அவினி' பத்துப் பாட்டுக்கும் தொடக்கத்தில் வருகிறது. ஈற்றுக்கென்று பழகிய மகுடத்தை அங்கே எப்படிச் சொல்வது?

அப்புறம் பேச்சு. 'பழைய பல்லவியையே பாடாதே' என்கிறோம், அது திட்டு. மேடையில் ஒருவர் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்குப் பிறகும் ஒரே கேள்வியைத் திரும்பப் போடுகிறார், மூன்றாம் முறை அவர் வாயெடுக்கும் முன்பே கூட்டம் கைதட்டுகிறது. இதைத் திட்டாமல் சொல்லவும் ஒரு சொல் வேண்டும் அல்லவா? செய்யுளில் வந்த சொல்லோ பொருளோ மீண்டும் வருவதற்குப் பின்வருநிலையணி என்ற பெயர் இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் சொல் எங்கு வேண்டுமானாலும் திரும்ப வரலாம். நாம் பேசுவது குறித்த இடத்தில் வருவதைப் பற்றி. அடுத்து இதுதான் வரப்போகிறது என்று கேட்பவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் இதன் உயிர்.

அதனால் என் பரிந்துரை மீள்வரி. தொடக்கம், நடு, ஈறு எதற்கும் பொருந்தும். கானல்வரி, வேட்டுவவரி என்று 'வரி'க்குப் பாட்டு என்ற பொருளும் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மீள்தொடர் என்றும் யோசித்தேன், சொற்புணர்ச்சி இலக்கணம் பார்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், உச்சரிக்கவும் தடுக்கும். மீள்வரி என்றால் கட்டிய வரியைத் திருப்பித் தருவதுபோல் தொனிக்கிறது என்ற ஆட்சேபம் வரும். 'பாட்டின் முதல் வரி' என்றால் யாரும் மாநகராட்சியை நினைப்பதில்லையே! பல்லவியும் மகுடமும் அந்தந்த இடத்தில் அப்படியே இருக்கட்டும், இது பொதுப்பெயர்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கானல்வரியில் 'நடந்தாய் வாழி காவேரி', 'அறிந்தேன் வாழி காவேரி' என்று முன்சொல் மாறி, பின்பகுதி மட்டும் திரும்ப வருகிறது. இதையும் மீள்வரி என்றே சொல்லலாமா, தனி அடைமொழி வேண்டுமா? விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் இதை முடிவுசெய்துவிடலாம், யோசித்து எழுதுங்கள்.